‘லெட்டர் இருக்கா?’ என்று கேட்க ஒருவர்

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எம்.டி.எஃப் என்று ஓர் அறை இருக்கும். ஊரில் உள்ள அத்தனை இணைப்புகளும் தெருவுக்கு அடியில் கேபிளாக ஓடிவந்து அங்கேதான் முடியும். ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் இரும்புச் சட்டங்களின் ஒரு பக்கம் தெருவிலிருந்து வரும் ஒயர் ஜோடிகள். மறுபக்கம் எக்ஸ்சேஞ்சின் எண்கள். இரண்டையும் இணைப்பது முறுக்கிவிட்ட மெல்லிய ஜோடி ஒயர். ஜம்பர் என்போம். ஒருவருடைய பேச்சை ஒட்டுக்கேட்க வேண்டுமென்றால், அவர் எண்ணின் முனையில் இன்னொரு ஜம்பரைப் பற்றவைத்து, வேறொரு கட்டடத்துக்குப் போகும் ஜோடியோடு சேர்த்துவிட வேண்டும். கை பழகிய டெக்னீஷியனுக்கு அது சில நிமிட வேலை. பேசுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. எம்.டி.எஃப்பில் வேலை பார்க்கிறவர் கண்ணுக்கு மட்டும் அந்தக் கூடுதல் ஒயர் தெரியும்.

நான் கோவையில், வெளியூர் அழைப்புகளை இணைக்கும் ட்ரங்க் போர்டில் ஆபரேட்டராகச் சேர்ந்தவள். பிறகு துறைத் தேர்வு எழுதி ஜே.டி.ஓ., அதாவது ஜூனியர் டெலிகாம் ஆபீசர் ஆனேன். போர்டில் உட்கார்ந்திருந்த காலத்தில், இரண்டு முனையிலும் ஆள் வந்துவிட்டார்களா என்று பார்க்க ஒரு கீயைத் தள்ளிக் கேட்போம். பேச்சு தொடங்கிவிட்டது என்று தெரிந்ததுமே கீயைத் திருப்பிவிட வேண்டும். 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டத்தில் 26-ஆவது பிரிவை எங்கள் சூப்பர்வைசர் அம்மா மனப்பாடமாகச் சொல்வார். அரசுச் செயலாளர் கையெழுத்திட்ட ஆணை இல்லாமல் ஒரு செய்தியை இடைமறித்தாலோ, கேட்டதை வெளியே சொன்னாலோ, தந்தி ஊழியருக்கு மூன்றாண்டு வரை சிறை. சாவுச் செய்தி, கடன் பாக்கி, பெண் பார்த்துவிட்டுப் போனவர்களின் பதில் என்று எல்லாம் எங்கள் காதருகே ஓடிக்கொண்டிருந்தன. நாங்கள் கேட்காமல் இருந்ததற்கு எங்கள் நல்ல குணம் ஒரு காரணம். சட்டம் இருந்ததும், முதுகுக்குப் பின்னால் சூப்பர்வைசர் நடந்துகொண்டே இருந்ததும் அதைவிடப் பெரிய காரணம்.

பிற்பாடு வேறொரு ஊரில் எம்.டி.எஃப் என் பொறுப்பில் இருந்தபோது ஒரு நாள் போன் வந்தது. ஊர் பெயர் வேண்டாம். பேசியவர் காவல்துறை அதிகாரி. “மேடம், ஒரு நம்பர் சொல்றேன், கொஞ்சம் பேரலல் போட்டுக் குடுங்க. லெட்டர் பின்னாடியே வந்துரும்” என்றார். குரலில் மிரட்டல் எதுவும் இல்லை. ரேஷன் கார்டுக்கு விண்ணப்பம் கேட்பதுபோல் சாதாரணமாகக் கேட்டார். எண்ணை ரெஜிஸ்டரில் பார்த்தேன். வீட்டு இணைப்பு, ஒரு பெண்ணின் பெயரில். எங்கள் டிவிஷனல் எஞ்சினியரிடம் போனேன். அவர் கோப்பிலிருந்து ஒரு சுற்றறிக்கையை எடுத்து மேசைமேல் வைத்தார். “உள்துறைச் செயலாளர் கையெழுத்து இருக்கான்னு மட்டும் கேளும்மா. இருந்தா நாம செய்யணும். இல்லைன்னா செய்யக் கூடாது. நீ வேற எதுவும் பேச வேண்டாம்” என்றார். அப்படியே கேட்டேன். “பார்க்கறேன் மேடம்” என்று வைத்துவிட்டார் அதிகாரி. லெட்டர் வரவே இல்லை.

எங்கள் எஞ்சினியர் சாதுவான மனிதர். ஒரு எஸ்.பி.யை எதிர்த்துப் பேசக்கூடியவர் இல்லை. அன்றைக்கு அவர் பேசவும் வேண்டியிருக்கவில்லை. அவர் கையில் ஒரு காகிதம் இருந்தது, அதில் ஒரு தீர்ப்பு இருந்தது. அரசாங்கத்தின் காதுக்குச் சட்டத்தால் எல்லை போட வேண்டுமா என்று யாராவது கேட்டால், எனக்கு முதலில் அந்த மேசைதான் நினைவுக்கு வரும்.

அந்தத் தீர்ப்பு பிறந்த கதையைச் சொல்ல வேண்டும். தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவு, பொது நெருக்கடி நேர்ந்தாலோ பொதுமக்கள் பாதுகாப்புக்குத் தேவைப்பட்டாலோ மட்டும் செய்திகளை இடைமறிக்கலாம் என்றது. அதிலும் நாட்டின் இறையாண்மை, அரசின் பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, குற்றம் செய்யத் தூண்டுவதைத் தடுப்பது ஆகிய காரணங்களில் ஒன்று வேண்டும். அதை எழுத்தில் பதிய வேண்டும். வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. யார் ஆணையிடுவது, எத்தனை நாளைக்கு, யார் சரிபார்ப்பது என்பதற்கு விதி எதுவும் எழுதப்படவில்லை. நூறாண்டுக்கு மேல் அப்படியே ஓடியது.

அதற்குள் அரசியலில் ஒட்டுக்கேட்பு ஒரு பெரிய ஆயுதமாகிவிட்டது. 1988-இல் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே தொலைபேசி ஒட்டுக்கேட்புப் புகாரில் பதவி விலகினார். 1991 மார்ச்சில், ராஜீவ் காந்தி வீட்டு வாசலில் ஹரியானா போலீஸ்காரர்கள் இருவர் வேவு பார்த்தார்கள் என்ற விவகாரத்தில் சந்திரசேகர் அரசே கவிழ்ந்தது. அதே மாதம் ‘மெயின்ஸ்ட்ரீம்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. அரசியல்வாதிகளின் தொலைபேசிகளை ஒட்டுக்கேட்டது பற்றி சி.பி.ஐ. தயாரித்த அறிக்கையின் விவரங்கள் அதில் இருந்தன. டெல்லித் தொலைபேசிப் பதிவேடுகளைப் புரட்டிய சி.பி.ஐ., 4 எண்களுக்கு அனுமதி ஆணையையே கண்டுபிடிக்க முடியவில்லை என்றது. 133 இணைப்புகளில் அனுமதிக் காலம் முடிந்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 111 இணைப்புகளில் 180 நாளைத் தாண்டியும், அரசின் அனுமதி இல்லாமலே, ஒட்டுக்கேட்பு தொடர்ந்திருந்தது. கோப்புகள் ஒழுங்காக வைக்கப்படவில்லை.

எம்.டி.எஃப்பில் வேலை பார்த்தவளுக்கு அந்த 133 என்ற எண் நன்றாகப் புரியும். ஜம்பரைப் போட ஆள் வருவார். எடுக்கச் சொல்லி யாரும் வர மாட்டார்கள். எல்லாத் தவறுக்கும் பின்னால் ஒரு சதிகாரர் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. போட்ட ஒயர் கிடந்துகொண்டே இருக்கும், மறுமுனையில் டேப் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அந்தக் கட்டுரையை அடிப்படையாக வைத்து பி.யு.சி.எல். என்ற மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 டிசம்பர் 18-இல் நீதிபதிகள் குல்தீப் சிங்கும் சகீர் அகமதுவும் தீர்ப்புச் சொன்னார்கள். வீட்டிலோ அலுவலகத்திலோ ஒருவர் போனில் பேசுவது அவருடைய அந்தரங்கம். அரசமைப்பின் 21-ஆவது பிரிவு அதைக் காக்கிறது என்றார்கள். மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலாளர் மட்டுமே ஆணையிடலாம். மிக அவசரத்தில் இணைச் செயலாளர் பதவிக்குக் குறையாத ஒருவர். இரண்டு மாதத்தில் ஆணை காலாவதி. எப்படி நீட்டித்தாலும் மொத்தம் ஆறு மாதம். ஒவ்வோர் ஆணையின் நகலும் ஒரு வாரத்துக்குள் மறுஆய்வுக் குழுவுக்குப் போக வேண்டும். இந்த நெறிகள் பிறகு 419-ஏ என்ற விதியாகி, 2007-இல் விரிவாக எழுதப்பட்டன. எங்கள் எஞ்சினியர் மேசையில் இருந்தது இதன் சாரம்தான்.

பி.யு.சி.எல். கேட்டவற்றில் ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. ஒட்டுக்கேட்பதற்கு முன்பே ஒரு நீதிபதி அனுமதி தர வேண்டும் என்று அதன் வழக்கறிஞர் ராஜிந்தர் சச்சார் வாதாடினார். சட்டத்தில் அப்படி ஏற்பாடு இல்லை என்ற கருத்தில் நீதிபதிகள் நின்றுவிட்டார்கள். பிரிட்டனின் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்துத்தான் நம் நெறிகளை வகுத்தார்கள். அந்த பிரிட்டன் 2016-இல் தன் முறையை மாற்றிக்கொண்டது. அங்கே இப்போது அமைச்சர் கையெழுத்திட்டாலும் போதாது. மூத்த நீதிபதி ஒருவரும் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். நாம் மட்டும் அவர்கள் கைவிட்ட முறையைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

நான் கண்காணிப்பே கூடாது என்று சொல்கிறவள் இல்லை. 1998 பிப்ரவரி 14 அன்று நான் கோவையில்தான் இருந்தேன். ஆர்.எஸ்.புரத்தில் முதல் குண்டு வெடித்த பிறகு எங்கள் டெலிபோன் எண் விசாரணைப் பிரிவில் விளக்குகள் அணையவே இல்லை. ஒரு அழைப்பை எடுப்பதற்குள் அடுத்தது. எல்லோருக்கும் ஆஸ்பத்திரி நம்பர்தான் வேண்டும். “என் பையன் டியூஷன் போயிருக்கானுங்க” என்று ஒரு தாய் திரும்பத் திரும்பச் சொன்னார். எந்த நம்பர் வேண்டும் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. 58 பேர் செத்துப்போனார்கள். அந்தக் குண்டுகளை வைத்தவர்களின் பேச்சை முன்கூட்டியே ஒரு போலீஸ்காரர் கேட்டிருந்தால் எத்தனை வீடுகள் பிழைத்திருக்கும்! அப்படி ஓர் ஆணை வந்திருந்தால் ஜம்பரை நானே பற்றவைத்துக் கொடுத்திருப்பேன். வந்த ஆணை உண்மையிலேயே அதற்குத்தானா, அந்தப் பெயரில் வேறு யாருடைய போனுக்காவதா என்பதைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

இன்று அந்த ஆள் யார்? ஆணை கேட்பது அரசின் ஒரு துறை. ஆணை கொடுப்பது அரசின் செயலாளர். சரிபார்க்கும் குழுவில் மத்தியில் அமைச்சரவைச் செயலாளர், சட்டச் செயலாளர், தொலைத்தொடர்புச் செயலாளர். மாநிலத்தில் தலைமைச் செயலாளரும் இன்னும் இரண்டு செயலாளர்களும். நீதிபதி இல்லை, எதிர்க்கட்சி உறுப்பினர் இல்லை, வெளியார் ஒருவர்கூட இல்லை. இவர்களில் யாரையும் நான் குறைசொல்லவில்லை. நேர்மையான அதிகாரிகளைப் பார்த்தே நான் வேலை கற்றேன். ஆனால் அவர்களால் முடிகிற வேலையா இது?

மத்திய அரசு மட்டும் மாதத்துக்கு 7,500 முதல் 9,000 ஒட்டுக்கேட்பு ஆணைகள் பிறப்பிக்கிறது என்று 2013-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வாங்கிய பதிலில் தெரிந்தது. குழு கூடுவது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. ஆகவே ஒரு கூட்டத்துக்கு 15,000 முதல் 18,000 ஆணைகள் என்று கணக்கிட்டு, இது நடைமுறைக்கு ஒவ்வாத சுமை என்று நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் எழுதியது. நான் பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டீ குடிக்காமல் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் ஓர் ஆணைக்கு இரண்டு நொடிகூடத் தேறாது. பெயரை வாசிக்கவே அது பற்றாது. எழுதியிருக்கும் காரணம் நியாயமா என்று எப்படி யோசிப்பது?

சென்னை உயர் நீதிமன்றத்தில் 2025 ஜூலை 2-இல் வந்த தீர்ப்பை இந்த இடத்தில் வைத்துப் படிக்க வேண்டும். சென்னையைச் சேர்ந்த கல்வி நிறுவனம் ஒன்றின் நிர்வாக இயக்குநராக இருந்தவரின் கைப்பேசியை ஒட்டுக்கேட்க 2011 ஆகஸ்ட் 12-இல் மத்திய உள்துறை ஆணையிட்டது. வருமான வரி அதிகாரி ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய் லஞ்சம் என்பது வழக்கு. அவர் நீதிமன்றம் போனார். நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் ஆணையை ரத்து செய்தார். பொது நெருக்கடி என்றாலும் பொதுமக்கள் பாதுகாப்பு என்றாலும் சாதாரண மனிதர் பார்த்தாலே தெரியக்கூடிய நிலைமையாக இருக்க வேண்டும். இரகசியமாக நடக்கும் ஒரு குற்றத்தைத் துப்பறிவது அதில் வராது என்றார். அதோடு இன்னொன்றும் வெளிவந்தது. அந்த ஆணையால் கிடைத்த பேச்சுகள் விதிப்படி மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கப்படவே இல்லை. ஆகவே அவற்றைச் சாட்சியமாகப் பயன்படுத்தக் கூடாது, அதைச் சாராமல் தனியாகக் கிடைத்த ஆதாரங்கள் இருந்தால் விசாரணை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்றது தீர்ப்பு.

அதற்குச் சில நாள் முன்புதான் டெல்லி உயர் நீதிமன்றம் வேறொரு ஊழல் வழக்கில் எதிர்த்திசையில் சொல்லியிருந்தது. பெரிய அரசு ஒப்பந்தங்களில் ஊழல் நடந்தால் நாட்டின் பொருளாதாரமே பாதிக்கும், அதுவும் பொதுப் பாதுகாப்புதான் என்று அந்த நீதிமன்றம் கருதியது. லஞ்சத்தின்மேல் எனக்கும் கோபம் உண்டு. தாலுகா அலுவலகத்தில் பட்டா மாற்றத்துக்கு அலைந்தவர்கள் யாரும் லஞ்சம் வாங்குகிறவனுக்காகப் பரிந்து பேச மாட்டார்கள். இருந்தாலும் சென்னைத் தீர்ப்பின் பக்கம்தான் நான். லஞ்ச வழக்குக்கும் போனைக் கேட்க வேண்டும் என்றால், நாடாளுமன்றம் அதைச் சட்டத்தில் எழுதட்டும், யார் பார்த்து அனுமதிப்பது என்பதையும் சேர்த்து. ஏற்கனவே உள்ள சொற்களை இழுத்து நீட்டிக்கொண்டே போனால், ‘பொதுப் பாதுகாப்பு’ என்பதற்குள் நாளைக்கு எது வேண்டுமானாலும் அடங்கும்.

இதில் இன்னொரு கதவு திறந்தே கிடக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆவது பிரிவு கணினி வழியாகப் போகும் எதையும் இடைமறிக்கவும், கண்காணிக்கவும், பூட்டைத் திறந்து படிக்கவும் அதிகாரம் தருகிறது. அங்கே பொது நெருக்கடி என்ற முன்நிபந்தனையே கிடையாது. எந்தக் குற்றத்தின் விசாரணையும் ஒரு காரணமாக இருக்கலாம். 2018 டிசம்பர் 20-இல் பத்து அமைப்புகளுக்கு இந்த அதிகாரம் அறிவிக்கப்பட்டது. இன்று நம் பேச்சில் பெரும்பகுதி போகும் பாதை எது என்று உங்கள் கையில் இருக்கும் போனைப் பார்த்தாலே தெரியும்.

எங்கள் காலத்து எம்.டி.எஃப்பும் இப்போது பெரும்பாலும் காலி. இரும்புச் சட்டங்கள் நிற்கின்றன, ஜோடிகள் செத்துக் கிடக்கின்றன. கைப்பேசியை ஒட்டுக்கேட்க ஒயர் தேவையில்லை, ஒரு கட்டளை போதும். சமீப காலம் வரை அந்தக் கட்டளையைத் தொலைபேசி நிறுவனத்தின் நோடல் அதிகாரி ஆணையைப் பார்த்துவிட்டுத்தான் போடுவார். அரசு நிறுவிய மத்தியக் கண்காணிப்பு அமைப்பு, சி.எம்.எஸ்., அந்த ஆளையும் எடுத்துவிடுகிறது. நிறுவனத்தின் கை படாமல், அரசு அமைப்பே தன் இருக்கையிலிருந்து ஓர் எண்ணைக் கண்காணிப்பில் போடலாம் என்பதை 2009-இல் அரசே அதன் சிறப்பம்சமாக அறிவித்தது. நடுவில் ஆள் இல்லாததால் இரகசியம் கசியாது என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருக்கிறது. சட்டப்படியான ஆணை அப்போதும் வேண்டும், எல்லாம் இயந்திரத்தில் பதிவாகும் என்கிறார்கள். சரி. ஆனால் “லெட்டர் இருக்கா?” என்று கேட்கும் குரல் அங்கே இல்லை. தவறான ஆணையைப் பார்த்து மறுத்துவிட்டு வீட்டுக்குப் போகக்கூடிய, பென்ஷனைத் தவிர வேறு எதற்கும் பயப்படாத ஒரு மூன்றாம் ஆள் அந்த வரிசையில் இல்லை. என்னைப் போன்றவர்கள் இருந்தவரை சட்டத்தின் ஓட்டையை மனிதர்கள் கொஞ்சம் அடைத்துக்கொண்டிருந்தோம். மனிதர்களை எடுத்துவிட்ட பிறகு அந்த வேலையையும் சட்டம்தான் செய்ய வேண்டும்.

ஆள் இல்லாத இடத்தில் என்ன நடக்கலாம் என்பதற்குத் தென்னிந்தியாவிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. தெலங்கானாவில் 2023 டிசம்பர் 3-இல் தேர்தல் முடிவு வந்து ஆட்சி மாறியது. மறுநாள் இரவு மாநில உளவுப் பிரிவு அலுவலகத்தில் ஹார்ட் டிஸ்க்குகள் அழிக்கப்பட்டன என்பது குற்றச்சாட்டு. 2024 மார்ச்சில் ஒரு காவல் அதிகாரி கைதானார், பின்னாலேயே வேறு சிலரும். எதிர்க்கட்சியினர், பத்திரிகையாளர்கள், தொழிலதிபர்கள் என்று பலருடைய போன்கள் கேட்கப்பட்டதாகப் புலன்விசாரணை சொல்கிறது. யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். இப்படி ஒரு வழக்கு உருவாவதற்கே ஆட்சி மாற வேண்டியிருந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது. மறுஆய்வுக் குழு அத்தனை காலமும் இருந்ததே!

போன்களுக்குள் நுழைந்து உளவு பார்க்கும் பெகாசஸ் மென்பொருள் விஷயத்தில் அந்த அளவுக்குக்கூட உண்மை வெளிவரவில்லை. 2021 ஜூலையில் செய்திகள் வந்தபோது, அந்த மென்பொருளை வாங்கினோம் என்றும் அரசு சொல்லவில்லை, வாங்கவில்லை என்றும் சொல்லவில்லை. உச்ச நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு 29 போன்களைப் பரிசோதித்தது. ஐந்தில் ஏதோ தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அரசு ஒத்துழைக்கவில்லை என்று 2022 ஆகஸ்டில் தலைமை நீதிபதி என்.வி.ரமணா நீதிமன்றத்தில் சொன்னார்.

பதவியில் இருப்பவர்களுக்கே அரசின் கண்காணிப்பைப் பற்றிய பயம் உண்டு என்பதற்கு எனக்குப் பிடித்த ஒரு வரலாறு இருக்கிறது. 1986-இல் அஞ்சல் அலுவலகத் திருத்த மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தபால்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு விரிந்த அதிகாரம் தரும் மசோதா. குடியரசுத் தலைவர் ஜெயில்சிங் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. பதவிக்காலம் முடியும்வரை மசோதாவை அப்படியே வைத்திருந்தார். அடுத்து வந்தவர் நம் தஞ்சை மாவட்டத்து ராஜாமடத்தில் பிறந்த ஆர்.வெங்கட்ராமன். 1990-இல் அதை நாடாளுமன்றத்துக்கே மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். கடைசியில் 2002-இல் மசோதா திரும்பப் பெறப்பட்டது. தபாலைப் பிரிக்கும் ஓர் அதிகாரத்தை இரண்டு குடியரசுத் தலைவர்கள் சேர்ந்து இத்தனை ஆண்டு தள்ளி நிறுத்தினார்கள். 2023 டிசம்பரில் வந்த புதிய அஞ்சல் சட்டத்தின் 9-ஆவது பிரிவில் தபாலை இடைமறிக்கும் அதிகாரம் மறுபடியும் புது வடிவில் வந்திருக்கிறது. அதைப் பற்றி நம் ஊர் டீக்கடையில் ஒரு நாள்கூடப் பேச்சு எழவில்லை என்பது எனக்கு வருத்தம்.

அதே மாதத்தில்தான் தந்திச் சட்டத்துக்குப் பதிலாகத் தொலைத்தொடர்புச் சட்டமும் நிறைவேறியது. அதன்கீழ் 2024 டிசம்பரில் ஒட்டுக்கேட்பு விதிகள் வந்தன. நல்ல அம்சமும் உண்டு. அவசரத்தில் கீழ்மட்ட அதிகாரி போட்ட ஆணையை ஏழு வேலை நாளில் உள்துறைச் செயலாளர் உறுதி செய்யாவிட்டால், அதில் கிடைத்ததைச் சாட்சியமாகக்கூடப் பயன்படுத்த முடியாது. மற்றபடி பழைய கட்டடம்தான். அதே செயலாளர்கள், இரண்டு மாதத்துக்கு ஒரு கூட்டம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆவணங்களை அழிக்கும் ஏற்பாடு.

எங்கள் தெருவில் பேக்கரி வைத்திருக்கும் தம்பி ஒருவர் என்னிடம் வாதம் செய்வார். “ஏனுங்கக்கா, நாம தப்பு ஒண்ணும் பண்ணலீன்னா கேட்டுட்டுப் போறாங்க, அதிலென்னங்க இருக்குது?” என்பார். “உங்க தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாத்தப்ப நீங்க போன்ல என்னென்ன பேசுனீங்க, அதை வேற ஒருத்தரு உக்காந்து கேட்டிருந்தா உங்களுக்குச் சம்மதமுங்களா?” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அது போலீஸ்காரருக்கு எதுக்குங்க?” என்றார் பிறகு. நான் கேட்பதும் அதைத்தான். 2017 ஆகஸ்ட் 24-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் ஒருமனதாகச் சொன்னதன் உட்பொருளும் அதுதான். அந்தரங்கத்துக்குள் அரசு நுழைய வேண்டுமென்றால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நுழையும் அளவு தேவைக்கு மிஞ்சாமல் இருக்க வேண்டும்.

சட்டம் போட்டால் மட்டும் எல்லாம் ஒழுங்காகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. அமெரிக்காவில் 1978 முதல் இதற்கென்றே தனி நீதிமன்றம் இருக்கிறது. இருந்தும் வெளிநாட்டவர்களைக் கண்காணிக்கச் சேர்த்த தகவல் களஞ்சியத்தில் எஃப்.பி.ஐ. 2,78,000 தடவைக்கு மேல் முறைகேடாகத் தேடியது. ஆனால் அது வெளியே தெரிந்தது எப்படி? தேடியதைப் பதிவு செய்ய வேண்டும், நீதிமன்றத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று சட்டம் சொல்லியிருந்தது. நீதிபதி அதைத் தம் உத்தரவில் எழுதினார். 2023 மே மாதம் அந்த உத்தரவு பொதுவெளிக்கு வந்தது. நம் நாட்டில் அதே அளவு தவறு நடந்திருந்தால் ஆறு மாதத்தில் காகிதம் அழிந்திருக்கும், எண்ணிக்கையே யாருக்கும் தெரிந்திருக்காது.

சென்னை வழக்கில் தன் போன் கேட்கப்பட்டது என்பது அந்த நிர்வாக இயக்குநருக்குத் தெரிந்ததே சி.பி.ஐ. அவர்மேல் வழக்குப் போட்டதால்தான். கேட்டுவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் விட்டுவிட்ட மனிதருக்கு எதுவும் தெரிய வராது. ஒரு குற்றமும் செய்யாதவர் என்று கேட்டவர்களுக்கே தெரிந்துபோன அந்த மனிதருக்குத்தான் முறையிட வழி இல்லை. ஜெர்மனியில், கண்காணிப்பு முடிந்து, விசாரணைக்குப் பாதிப்பில்லை என்றான பிறகு உரியவருக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அமெரிக்காவில் குற்ற வழக்குகளுக்கான ஒட்டுக்கேட்பு முடிந்து 90 நாளுக்குள் பொதுவாக அறிவிப்பு போக வேண்டும்; எத்தனை ஆணைகள் என்ற கணக்கும் ஆண்டுதோறும் அச்சாகி வருகிறது.

நம் சட்டத்திலும் அந்த வரிகள் வர வேண்டும். செயலாளரின் கையெழுத்துக்குப் பிறகு ஒரு நீதிபதியின் கையெழுத்து. முடிந்தபின் உரியவருக்கு ஒரு கடிதம். ஆண்டுக்கு எத்தனை ஆணைகள், எத்தனை மறுக்கப்பட்டன என்று நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் வைக்க ஒரு தாள். இப்படிச் செய்தால் பயங்கரவாதியைத் துரத்தும் அதிகாரியின் கை கட்டப்பட்டுவிடும் என்பார்கள். கைது செய்த ஆளை நடுராத்திரியில் மாஜிஸ்திரேட் வீட்டுக் கதவைத் தட்டி நிறுத்துகிற போலீஸ் இது. லுங்கியோடு வந்து கதவைத் திறந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ரிமாண்ட் தாளை வாசித்துக் கையெழுத்துப் போடுகிற நீதித்துறை இது. ஒருவர் உடம்பைப் பிடித்து வைக்க அந்த நேரத்திலும் நீதிபதி கிடைக்கிறார் என்றால், அவர் பேச்சைப் பிடித்து வைக்கவும் கிடைப்பார்.